சுகரும் நுரையீரல் தழும்பும் சேர்ந்து வந்தவங்க வீட்டு அனுபவம் சொல்லுங்க

மதுரை மகள்:
அம்மாவுக்கு ரொம்ப வருஷமா சுகர், மாத்திரையிலயே கட்டுப்பாட்டுல இருந்துச்சு. வறட்டு இருமல் விடவே இல்ல, மாடி ஏறினா மூச்சு வாங்குது, சுகர்க்காரங்களுக்கு ஹார்ட்டாதான் இருக்கும்னு எல்லாரும் சொல்ல எக்கோ வரைக்கும் பாத்தாச்சு, ஒண்ணுமில்ல. அப்புறம் டிபி சந்தேகம். சுகர் இருந்தா டிபி வர்ற வாய்ப்பு ரெண்டு மூணு மடங்கு ஜாஸ்தி, அதனால அதைப் பாத்தது நியாயம்தான். சளி டெஸ்ட்டும் நெகட்டிவ். கடைசில செஸ்ட் டாக்டர் முதுகுல ஸ்டெத் வச்சுக் கேட்டுட்டு நேரா எச்ஆர்சிடின்னு நுரையீரலை நுணுக்கமா பாக்குற சிடி ஸ்கேன் எழுதினாரு, அதுலதான் தழும்பு தெரிஞ்சது. வீட்டுல புறா இருக்கான்னு கேட்டாரு. பால்கனி பூரா புறாதான், எச்சத்தைக் கூட்டுறது அம்மா. அந்தத் தூசி அலர்ஜியால வந்த தழும்புன்னாரு. 2017ல வெளியான இந்திய ஐஎல்டி (நுரையீரல் தழும்பு மாதிரி நோய்கள்) பதிவேட்டுல 1,084 பேர்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இந்த அலர்ஜி வகைதானாம்.

ஸ்டீராய்டு ஆரம்பிச்சாங்க. இங்கதான் எல்லாரும் கவனிக்கணும். காலையில மாத்திரை போட்டா சுகர் ஏறுறது மத்தியானத்துக்கு மேலதான். அம்மாவுக்கு வெறும் வயித்துல 115, சாப்பிட்ட பிறகு சாயங்காலம் 340! காலையில மட்டும் குத்திப் பாக்குறவங்களுக்கு இது தெரியவே தெரியாது. சுகர் டாக்டர் மத்தியான இன்சுலின் சேத்தாரு, ஸ்டீராய்டைக் குறைக்கக் குறைக்க இன்சுலினையும் அவரே குறைச்சாரு. சுகர் ஏறுதுன்னு ஸ்டீராய்டை நாமளா திடீர்னு நிறுத்திடக் கூடாது, அது ஆபத்து.

கோவைக்காரன்:
எங்கப்பாவுக்கு ஐபிஎஃப்ங்க, காரணம் தெரியாத வகை. இதுக்கு ஸ்டீராய்டை தொடர்ந்து குடுக்கிறதில்லைங்க. ஸ்டீராய்டோட இன்னும் ரெண்டு மருந்து சேத்துக் குடுத்துப் பாத்த அமெரிக்க ஆராய்ச்சில இறப்பும் ஆஸ்பத்திரி அட்மிஷனும் கூடிப்போய் அதை பாதியிலயே நிறுத்திட்டாங்க, முடிவு 2012ல வந்துச்சு. அதனால எந்த வகைத் தழும்புன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிறது ரொம்ப முக்கியம்ங்க.

அப்பாவுக்கு தழும்பு கூடுறதை மெதுவாக்குற பிர்ஃபெனிடோன் மாத்திரை. குமட்டல்ல சோறே இறங்கல, ஆனா கிளிமிபிரைடுங்கிற சுகர் மாத்திரையை மட்டும் வழக்கம்போல போட்டாரு, ஒரு நாள் உடம்பெல்லாம் வேர்த்து கை நடுங்கி சுகர் 52க்கு இறங்கிடுச்சு. சர்க்கரைத் தண்ணி குடுத்துதான் தெளிஞ்சாரு. எங்களுக்கு பயமே வந்துருச்சுங்க. சுகர் டாக்டர் உடனே அந்த மாத்திரையை மாத்திட்டாரு. தழும்புக்கு இன்னொரு மருந்து நின்டெடானிப், அதுல வயித்தால போகும், சுகர் மாத்திரை மெட்ஃபார்மினும் சிலருக்கு அப்படித்தான், ரெண்டும் சேந்தா ஆள் வாடிப்போயிடுவாங்க, அதையும் முன்னாடியே சொல்லி வைங்க.

திருச்சி அக்கா:
மெட்ஃபார்மின் தழும்பைக் கரைக்கும்னு வாட்ஸ்அப்ல வருதே, யாராவது கேட்டீங்களா? சுகராலதான் தழும்பு வந்துச்சுன்னும் சொல்றாங்க.

கோவைக்காரன்:
கேட்டோம்ங்க அக்கா. 2018ல எலிகளுக்குக் குடுத்து தழும்பு குறைஞ்சது உண்மைதான், மனுஷங்களுக்கு அப்படி நிரூபணம் ஆகல. சுகருக்காகக் குடுத்தா சாப்பிடுங்க, நுரையீரலுக்குன்னு நீங்களா கூட்டிக்காதீங்க. ஐபிஎஃப் இருக்கிறவங்கள்ல சுகர்க்காரங்க கொஞ்சம் அதிகம்னு ஜப்பான்லயும் இங்கிலாந்துலயும் பாத்திருக்காங்க, ஆனா சுகர்தான் காரணம்னு உறுதியாகல. உங்க வீட்டுல யாருக்குங்க, எந்த மருந்து ஓடிட்டிருக்கு?