காம்பவுண்ட் வில்: அம்புகள் இடப்பக்கமே போகின்றன, உதவி தேவை

புதுநாண்: வணக்கம் நண்பர்களே. காம்பவுண்ட் வில் (இரு முனைகளிலும் உருளி உள்ள வில்) பழகத் தொடங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. 20 மீட்டரில் நான் விடும் அம்புகள் இலக்கின் நடுவே உள்ள மஞ்சள் வட்டத்துக்கு இடப்பக்கமே விழுகின்றன. நாண் அடித்து முன்கையும் கன்றிப்போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறு போட்டி இருப்பதால், சைட்டை (குறிபார்க்கும் கருவியை) எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும்.

மஞ்சள்வட்டம்: அம்பு போகும் பக்கமே சைட்டையும் நகர்த்த வேண்டும், அதாவது இடப்பக்கம். ஆனால் அதற்கு முன் சிலவற்றைச் சொல்லுங்கள். நீங்கள் வலக்கைப் பழக்கம் உள்ளவரா? அம்புகள் ஒரே இடத்தில் கூட்டமாக விழுகின்றனவா, சிதறி விழுகின்றனவா? கூட்டமாக விழுந்தால் சைட்டையோ ரெஸ்டையோ (அம்பு தாங்கியையோ) பார்க்கலாம். சிதறினால் கோளாறு பெரும்பாலும் எய்யும் முறையில்தான் இருக்கும்.

கார்பன்தண்டு: என் கணிப்பு ஸ்பைன்தான், அதாவது அம்பு எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் எண். 28 அங்குல இடைவெளியில் தாங்கிய அம்பின் நடுவே 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால், 500 ஸ்பைன் அம்பு அரை அங்குலம் வளையும். எண் குறையக் குறைய அம்பு விறைப்பாகும். வில்லின் இழுவிசைக்குப் பொருந்தாத அம்பை வைத்துக்கொண்டு சைட்டை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. அம்பில் என்ன எண் அச்சிட்டிருக்கிறது?

மூத்தவில்லாளி: மூன்று வாரத்தில் போட்டிக்குப் போக நினைப்பதே தவறு. இந்தக் கேள்வியை இங்கே நூறு முறையாவது கேட்டிருக்கிறார்கள், நானும் நூறு முறை பதில் சொல்லியிருக்கிறேன். பிடியை உள்ளங்கை முழுவதும் படும்படி இறுக்கிப் பிடித்தால் வில் திரும்பும். கட்டைவிரலின் அடிச்சதையில் மட்டும் பிடி அமர வேண்டும், மற்ற விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். இந்த அடிப்படையைக் கற்ற பிறகு சைட்டைப் பற்றிப் பேசலாம்.

புதுநாண்: மன்னிக்கவும், இவற்றை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நான் வலக்கைக்காரன், அம்புகள் சிதறித்தான் விழுகின்றன. வில் என் அண்ணனுடையது: இழுவிசை 50 பவுண்டு, இழுநீளம் (நாணை முழுதாக இழுக்கும் தூரம்) 30 அங்குலம். இரு கைகளையும் விரித்தால் எனக்கு 70 அங்குலம் வருகிறது. அம்பின் எண் தெரியவில்லை. வில் கைக்கு வந்த அன்று கனம் பார்ப்பதற்காக அம்பு இல்லாமல் இழுத்தபோது ரிலீஸ் (நாணைப் பிடித்து விடுவிக்கும் கருவி) தட்டிவிட்டது, பெரிய சத்தம் கேட்டது. ஆனால் வில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மருதம்: தயவுசெய்து அந்த வில்லை இனி இழுக்காதீர்கள். அம்பு இருந்தால் அதனோடு போயிருக்க வேண்டிய விசை முழுவதும், அது இல்லாதபோது லிம்பிலும் (வில்லின் வளையும் பகுதியிலும்) கேமிலும் (முனையிலுள்ள உருளியிலும்) நாணிலும் திரும்பி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல், இன்னும் பத்து இழுப்புகள் தாங்கிவிட்டு, பதினொன்றாவதில் உங்கள் முகத்துக்கு அருகே பிளக்கக்கூடும். ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து இரு லிம்ப்களின் விளிம்பிலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள்; எங்காவது இழை சிக்கினால் அங்கே நார் பிரிந்திருக்கிறது என்று பொருள். பஞ்சு சிக்காவிட்டாலும், கேம் அச்சு வளைந்திருக்கிறதா என்பதை பிரஸ் (வில்லை அழுத்திப் பிடித்துப் பிரிக்கும் கருவி) வைத்திருக்கும் வில் பழுதுபார்ப்பவரிடம் காட்டிய பிறகே எய்ய வேண்டும். மிக இலேசான அம்பும் வில்லுக்கு ஓரளவு இதே கேட்டைச் செய்யும். பவுண்டுக்கு 5 கிரெயின் என்ற பொதுக் கணக்குப்படி, 50 பவுண்டுக்கு அம்பின் மொத்த எடை 250 கிரெயினுக்குக் குறையக் கூடாது. ஏறத்தாழ 16 கிராம்.

இழுநீளத்துக்கு வருவோம். கை விரிப்பான 70 அங்குலத்தை 2.5 ஆல் வகுத்தால், உங்களுக்கு ஏற்ற இழுநீளம் 28 அங்குலம் என்று வருகிறது. உங்களிடம் உள்ள வில்லின் இழுநீளமோ அதைவிட 2 அங்குலம் அதிகம். அதனால்தான் முதுகு பின்னால் சாய்கிறது, இடக்கை முழங்கை விறைத்து உள்பக்கம் திரும்புகிறது, நாண் கையில் அடிக்கிறது. அம்பு சிதறுவதற்கும் முதலில் இதையே சந்தேகிப்பேன்.

கார்பன்தண்டு: இழுநீளம் சரியாக இருந்தாலும், ரிலீஸின் பொத்தானை விரலால் வெடுக்கென்று அழுத்தினால் அம்பு விலகத்தான் செய்யும். முதுகுத் தசையை இறுக்கிக்கொண்டே போய், எந்த நொடியில் விடுபடும் என்று தெரியாமல் விட வேண்டும்.

மூத்தவில்லாளி: அது எல்லோருக்கும் விதி அல்ல. குறி நிலைத்த கணத்தில் தெரிந்தே அழுத்தி நன்றாக எய்பவர்கள் இருக்கிறார்கள்.

கார்பன்தண்டு: இருக்கிறார்கள், ஆனால் பல ஆண்டு பழகியவர்கள். புதியவர் அப்படித் தொடங்கினால், குறி மஞ்சளைத் தொட்டவுடன் விரல் தானாகத் துடிக்கும் பழக்கம் வந்துவிடும். அதை மாற்ற நான் ஓராண்டு 5 மீட்டரில் குறித்தாள் இல்லாத வெறும் மெத்தையில் எய்தேன்.

மூத்தவில்லாளி: புதியவரைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். பிடியைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

மஞ்சள்வட்டம்: இருவரும் சொல்வது பிறகு உதவும். புதுநாண், பஞ்சு வைத்துப் பார்த்தீர்களா?

புதுநாண்: பார்த்தேன். கீழ் லிம்பின் நுனியில், கேமுக்கு இரண்டு விரல்கடை மேலே, பஞ்சு சிக்கியது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தபோது முடி அளவு ஒரு கோடு தெரிந்தது. அண்ணனிடம் சொல்லிவிட்டேன். போட்டிக்குப் போகவில்லை.