ராட்டர்டாம் போகும் பனியன் கன்டெய்னர்: ஈஎன்எஸ் கேள்வி, கார்பன் சர்சார்ஜ்

திருப்பூர்_ஷிப்பிங்:
வணக்கம். 40 அடி ஹைக்யூப் (உயரம் கூடிய கன்டெய்னர்) ஒன்று தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் மதர் வெசலுக்கு (ஐரோப்பா போகும் பெரிய கப்பல்) மாறி, ராட்டர்டாம் போகணும். ஈஎன்எஸ்ஸுக்கு (சரக்கு ஐரோப்பா வருமுன் கொடுக்கும் முன்னறிவிப்பு) அங்கிருக்கும் கஸ்டம்ஸ் கூடுதல் விவரம் கேட்பதாக ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பும் ஏஜென்ட்) மெயில் போட்டிருக்கிறார். பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) டிராஃப்டில் "காட்டன் கார்மெண்ட்ஸ், 640 கார்ட்டன்" என்றுதான் இருக்கிறது. இன்னொன்று: ஃப்ரெய்ட் பில்லில் இடிஎஸ் என்று ஒரு கட்டணம், ஃப்யூல்ஈயூ என்று இன்னொரு கட்டணம். ஒரே புகைக்கு இரண்டு தடவை காசா?

சிஎச்ஏ_முத்துநகர்:
கேள்வி வந்ததற்குக் காரணமே அந்த "காட்டன் கார்மெண்ட்ஸ்"தான். கடல் சரக்குக்கு 2024 ஜூன் 3 முதல் ஐசிஎஸ்2 (ஐரோப்பிய கஸ்டம்ஸின் முன்தகவல் முறை) வந்துவிட்டது. பொத்தாம்பொதுவான பெயர் அதில் நிற்காது. "ஆண்கள் பருத்திப் பின்னல் டி-ஷர்ட்" என்று எழுதி, ஐட்டம் வாரியாக ஆறு இலக்க எச்எஸ் கோடு (சரக்கு வகையைச் சொல்லும் சர்வதேச எண்) கொடுங்கள். டி-ஷர்ட் 6109 10. அதே பெட்டியில் காலர் வைத்த ஆண்கள் போலோ இருந்தால் அது 6105 10, தனி ஐட்டமாக எழுதணும். இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தப்பு.

ஹவுஸ் பி.எல். (ஃபார்வர்டர் தரும் ரசீது) போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியானால் மாஸ்டரில் (கப்பல் நிறுவனம் தரும் ரசீது) ஃபார்வர்டர் பெயர்தான் இருக்கும்; உண்மையில் விற்பவர், வாங்குபவர் யார் என்பது ஹவுஸ் அளவில் தனியாகப் போகணும். பையரின் இஓஆர்ஐ எண்ணையும் (ஐரோப்பிய கஸ்டம்ஸ் பதிவு எண்) அஞ்சல் குறியீட்டோடு முழு முகவரியையும் இன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.

சட்டப்படி கெடு, கொழும்பில் மதர் வெசலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பு. ஆனால் லைன்காரர்கள் (கப்பல் நிறுவனம்) தூத்துக்குடி கட்-ஆஃபுக்கு (பெட்டி ஏற்கும் கடைசி நேரம்) முன்பே கேட்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. கொழும்பில் பெட்டி மாட்டினால் யார்டு வாடகையும் ஏறும், கப்பலும் போய்விடும்.

உங்களுக்கு வந்திருப்பது விவரம் கேட்கும் ரெஃபரல்தான், "டூ நாட் லோடு" (ஏற்றக் கூடாது என்ற தடை) இல்லை. திருத்தி அனுப்பினால் தீரும். திருத்தும்போது கார்ட்டன் எண்ணிக்கை, கன்டெய்னர் எண் எல்லாம் ஷிப்பிங் பில்லோடு (இந்தியக் கஸ்டம்ஸில் போட்ட ஏற்றுமதி அறிவிப்பு) ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். ஈஜிஎம்மில் (லைன் இந்தியக் கஸ்டம்ஸுக்குத் தரும் ஏற்றுமதிச் சரக்குப் பட்டியல்) பிசகினால் ஐஜிஎஸ்டி ரீஃபண்டும் டிராபேக்கும் (சுங்க வரித் திருப்பம்) நின்றுவிடும்.

கப்பல்_கணக்கு:
எரிகிற எண்ணெய் ஒன்றுதான், கணக்கு வேறு வேறு.

இடிஎஸ் (ஐரோப்பாவின் கார்பன் கட்டணத் திட்டம்) வெளிவரும் கார்பனின் அளவுக்கு. 5,000 ஜிடி-யும் (கப்பலின் மொத்தக் கொள்ளளவு) அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு 2024 முதல். கொழும்பிலிருந்து முதல் ஐரோப்பியத் துறைமுகம் வரையிலான புகையில் பாதிதான் கணக்கில் வரும். தூத்துக்குடி–கொழும்பு ஃபீடர் (சிறிய இணைப்புக் கப்பல்) இதில் வரவே வராது. அதற்கும் சேர்த்துப் போட்டிருந்தால் கேளுங்கள். 2024 புகைக்கு 40%, 2025-க்கு 70%, 2026 முதல் முழுசும் கட்டணும்.

கணக்குப் போட்டுப் பார்க்க: புகையில் ஒரு டிஇயூவின் (20 அடிப் பெட்டி அளவு) பங்கு 1 டன் என்று வைத்துக்கொள்வோம். பாதி 0.5 டன். அலவன்ஸ் (புகைக்காக வாங்க வேண்டிய அனுமதி) விலை டன்னுக்கு 70 யூரோ என்றால் 2025-ல் 24.50 யூரோ, 2026-ல் 35 யூரோ. உங்கள் 40 அடிப் பெட்டி 2 டிஇயூ, அதனால் 2026-ல் 70 யூரோ. ஒரு டிஇயூவுக்கு எத்தனை டன், அலவன்ஸ் விலை எந்தத் தேதியுடையது என்று லைனிடம் இந்த இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். கப்பல் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனை சுற்றினால் டன் கூடும். அது உண்மையான செலவுதான்.

ஃப்யூல்ஈயூ (கப்பல் எரிபொருளுக்கான ஐரோப்பிய விதி) 2025 முதல். எரிபொருளின் தரத்துக்கானது. எரிபொருள் தரும் ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு 91.16 கிராம் பசுங்குடில் வாயு என்ற அடிப்படையிலிருந்து இப்போது 2% குறையணும், அதாவது 89.34. வெறும் ஃபர்னஸ் ஆயில் எரித்தால் தாண்டும், தாண்டினால் அபராதம். 2030-ல் இது 6% ஆகும். பையரோடு நீண்டகால விலை பேசுகிறவர்கள் இப்போதே அதைக் கணக்கில் வைப்பது நல்லது.

பேக்கிங்_பிரிவு:
கேட்காத ஒன்று, ஆனால் ஸ்டஃபிங்குக்கு (பெட்டியில் சரக்கு அடுக்குவது) முன் பாருங்கள். கார்ட்டனில் போடும் பூஞ்சைத் தடுப்புப் பொட்டலத்தில் டைமெத்தில் ஃப்யூமரேட் இருக்கக் கூடாது; ஐரோப்பாவில் 2009 முதல் தடை, வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். வெறும் சிலிக்கா ஜெல் போதும், சப்ளையரிடம் டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கி வையுங்கள். மரப் பேலட் வைத்தால் ஐஎஸ்பிஎம்-15 (மரப் பேக்கிங் வழியே பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை இருக்கணும். அதில் எச்டி என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் தொடர்ந்து சூடேறியது என்று அர்த்தம். உடைந்த பேலட்டுக்குப் பதப்படுத்தாத பழைய மரத்துண்டு ஆணியடித்துச் சரிசெய்தால் அந்த முத்திரை செல்லாது. ப்ளைவுட் பேலட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.