புதுப்பிப்பு: ஜீப் ஸ்ட்ரோக்கர் (பிஸ்டன் ஓடும் தூரம் கூட்டிய) எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டது
என் ஜீப் செரோக்கியின் 4.0 லிட்டர் எஞ்சினில் பழைய 4.2 லிட்டர் ஜீப் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டை (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) போடப் போகிறேன், கீழ் ஆர்பிஎம்மில் டார்க்கும் (இழுவிசை) கொஞ்சம் மைலேஜும் வேண்டும் என்று எழுதியிருந்தேனே, அந்த வேலை முடிந்தது. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 86.7 மி.மீ.யிலிருந்து 98.9 ஆனது, போரையும் (சிலிண்டர் விட்டம்) 0.030 அங்குலம் கூட்டியதில் இப்போது 4.6 லிட்டர்.

இழுவை அருமை. 1,500 ஆர்பிஎம்மிலேயே மேடு ஏறுகிறது, கியர் இறக்க வேண்டியதே இல்லை. ஆசைப்பட்டுப் பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போடாததும் நல்லதாகப் போயிற்று.

ஆனால் நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை தானாகவே வெடித்துத் தட்டும் சத்தம். பிஸ்டன் உச்சிக்கு வந்தாலும் பிளாக் மட்டத்துக்குக் கீழேயே நிற்கிறது, ஹெட்டுக்கும் (சிலிண்டரின் மேல் மூடி) பிஸ்டனுக்கும் இடைவெளி அதிகம், அதனால்தான் இது. அளக்காமல் மாட்டியது என் தப்புதான். இப்போதைக்கு நாக்கிங்கைத் தாங்கும் ஹை ஆக்டேன் பெட்ரோல்தான் ஊற்றுகிறேன். மைலேஜா? நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டினால் சற்றுக் கூடுகிறது, பெட்ரோல் விலை வித்தியாசம் அதைத் தின்றுவிடுகிறது.