காலியான எண்ணெய் வயலில் அடைத்த கரியமில வாயு அங்கேயே இருக்குமா?

மழைக்காகம்:
கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்தில் வேபர்ன் என்று ஒரு பழைய எண்ணெய் வயல். 2000-ஆம் ஆண்டிலிருந்து அங்கே கரியமில வாயுவைப் பூமிக்குள் செலுத்துகிறார்கள் என்று படித்தேன். வாயு வருவது அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் நிலக்கரியிலிருந்து எரிவாயு தயாரிக்கும் ஓர் ஆலையிலிருந்து, சுமார் 320 கிலோமீட்டர் குழாய் வழியாக. எண்ணெய் எடுத்த இடம் உள்ளே குகை மாதிரி காலியாகத்தானே இருக்கும்? ஒரு விரிசல் விட்டால் மொத்தமும் மேலே வந்துவிடாதா? 1986-ல் கேமரூனில் நியோஸ் ஏரியிலிருந்து இதே வாயு வெளியேறி சுமார் 1,700 பேர் இறந்தார்கள். அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பாறைக்காரி:
குகை எதுவும் கிடையாது. எண்ணெய் இருந்தது பாறையின் நுண்துளைகளில், வேபர்னில் அது சுண்ணாம்புப் பாறை, ஏறக்குறைய 1,450 மீட்டர் ஆழத்தில். கையில் எடுத்துப் பார்த்தால் சாதாரணக் கல் மாதிரிதான் இருக்கும். அதற்கு மேலே நீர்கூட எளிதில் புகாத மூடிப் பாறை இருக்கிறது, அது பல கோடி வருடம் எண்ணெயை மேலே விடாமல் பிடித்து வைத்திருந்ததால்தான் அங்கே எண்ணெய் வயலே இருந்தது.

இன்னொன்று, சுமார் 800 மீட்டருக்குக் கீழே போனால் இது நாம் நினைக்கிற வாயுவாக இருப்பதில்லை. 31 டிகிரிக்கு மேல் வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல 73 மடங்குக்கு மேல் அழுத்தமும் சேர்ந்தால், அடர்த்தியில் திரவத்தை நெருங்கிவிடும், அதனால்தான் கொஞ்ச இடத்தில் நிறைய அடைக்க முடிகிறது. நாளாக ஆக ஒரு பகுதி துளைகளிலேயே சிக்கிக்கொள்ளும், ஒரு பகுதி அங்கிருக்கும் உப்புநீரில் கரையும், மிக மெதுவாகக் கொஞ்சம் கனிமமாகவும் மாறும். நியோஸில் நடந்தது வேறு: ஏரியின் அடிநீரில் கரைந்திருந்த வாயு, நீர் புரண்டதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. பாறைத் துளைகளிலிருந்து அப்படி ஒரேயடியாகக் கிளம்ப வழியில்லை.

சிமெண்ட்_மணி:
பாறையைப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் நான் 11 வருடம் வளைகுடாவில் கிணறுகளுக்குச் சிமெண்ட் போடும் வேலையில் இருந்தவன், என் கவலை பாறை இல்லை, கிணறுதான். பழைய எண்ணெய் வயல் என்றால் மூடிப் பாறையில் நாமே நூற்றுக்கணக்கில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறோம் என்று பொருள். வேபர்ன் கண்டுபிடிக்கப்பட்டது 1954-ல். கரியமில வாயு தண்ணீரோடு சேர்ந்தால் அமிலம், அது இரும்புக் குழாயையும் அரிக்கும், சிமெண்டையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். அன்றைக்கு மூடிய கிணற்றை இந்த அமிலத்தை மனதில் வைத்து யாரும் மூடவில்லை. அதனால் ஒவ்வொரு பழைய கிணற்றையும் தேடிப் பார்த்து, தேவையானால் மறுபடி அடைத்த பிறகுதான் செலுத்த வேண்டும்.

2011-ல் வேபர்ன் பக்கம் ஒரு பண்ணைக் குடும்பம் தங்கள் நிலத்தில் வாயு கசிகிறது என்று புகார் சொன்னது. சோதித்தவர்கள் அது மண்ணிலேயே இயற்கையாக உண்டானது என்று கண்டார்கள். அப்படிப் போய்ச் சோதித்ததை நான் மதிக்கிறேன், புகார் சொன்னவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

தென்றல்77:
ஆபத்து பூமிக்கு மேலேயும் உண்டு. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பியில் சடார்ஷியா என்ற சிற்றூர் அருகே, மழையில் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் வெடித்தது. யாரும் இறக்கவில்லை, ஆனால் 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், ஆக்சிஜன் இல்லாமல் கார் இன்ஜின்களே நின்றுவிட்டன. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தாழ்வான இடத்தில் தேங்கி நின்றுவிடும்.

அப்புறம் வேபர்னில் வாயுவைச் செலுத்துவதே மிச்ச எண்ணெயை எடுக்கத்தான். வாயு எண்ணெயில் கலந்து அதை இளக்குகிறது, எண்ணெயோடு மேலே வருகிற வாயுவைப் பிரித்துத் திரும்ப உள்ளே அனுப்புகிறார்கள். ஒரு பீப்பாய் எண்ணெயை எரித்தால் சுமார் 430 கிலோ கரியமில வாயு வரும். அதைக் கழிக்காமல், பூமி சூடாவதைக் குறைக்க இவ்வளவு வாயுவைப் புதைத்தோம் என்று மட்டும் கணக்குக் காட்டுவது நேர்மையில்லை.

மழைக்காகம்:
நன்றி, குகை பயம் போய்விட்டது. சரி, எண்ணெய் எடுக்காமல் அடைக்க மட்டுமே காலி வயலைப் பயன்படுத்துகிற இடம் உண்டா?

பாறைக்காரி:
உண்டு. டென்மார்க்கின் வட கடல் பகுதியில் நினி வெஸ்ட் என்ற எண்ணெய் வயல். 2023 மார்ச்சில் பெல்ஜியத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த வாயுவை அங்கே முதன்முறையாகச் செலுத்தினார்கள், அது ஒரு சோதனை முயற்சி. நார்வேயின் ஸ்லைப்னரில் 1996-லிருந்து செய்கிறார்கள், ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வரை, ஆனால் அது எண்ணெய் வயல் இல்லை, கடலடியில் உப்புநீர் நிறைந்த மணற்பாறை. அங்கே பழைய கிணறுகளின் தொல்லை குறைவு.

சிமெண்ட்_மணி:
மூடிய பிறகு யார் பார்ப்பது என்பதையும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில், செலுத்துவதை நிறுத்திய பிறகும் பொதுவாகக் குறைந்தது 20 வருடம் நிறுவனமே பொறுப்பு, அதற்குப் பிறகுதான் அரசிடம் ஒப்படைக்கலாம். எனக்கு 20 போதாது என்றுதான் தோன்றுகிறது, சிமெண்ட் அதைவிட மெதுவாகக் கெடும்.