பொதுநல வழக்குப் பணி: மதுரைப் பக்கம் வழி தெரிந்தால் சொல்லுங்கள்

அண்ணன், அக்காமார்களுக்கு வணக்கம். நான் 6 வருடமாக மதுரையில் வழக்கறிஞர். கொத்தடிமைத் தொழிலாளர் வழக்குகள்தான் பெரும்பாலும் பார்த்தேன். சம்பளம் கொடுத்த தொண்டு நிறுவனம் சட்டப் பிரிவையே மூடிவிட்டது. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம்தான் என்று 2020-ல் சட்டம் மாறியதிலிருந்தே இழுபறிதான். இப்போது நிதியே நின்றுவிட்டது.

ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முழுநேரப் பதவிகளைப் பார்த்தேன். உதவி வழக்கறிஞருக்கு 3 வருடம் வரை அனுபவம், துணைத் தலைமை வழக்கறிஞருக்குக் குறைந்தது 7 வருட கிரிமினல் அனுபவம். நான் நடுவில் நிற்கிறேன். அதே ஆணைக்குழுவின் பட்டியலில் இருந்து வழக்கு நடத்தும் பேனல் வழக்கறிஞர் கட்டணத்தை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது.

போன மாதம் செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட ஓர் அம்மா வந்தார். வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) கொடுத்த விடுதலைச் சான்றிதழை ரேஷன் கார்டுக்குள் மடித்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். மறுவாழ்வுத் தொகை இன்னும் வரவில்லை. அவருடைய வக்காலத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

தொழிலாளர் வழக்கு பார்க்கும் சீனியர் யாராவது ஜூனியர் தேடுகிறார்களா? தொழிற்சங்கங்களில் பகுதிநேர வேலை உண்டா? விபத்து இழப்பீட்டு வழக்குகளை வருமானத்துக்கு வைத்துக்கொண்டு கொத்தடிமை வழக்குகளையும் விடாமல் நடத்துகிறவர்கள் இருந்தால், வாரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், திண்டுக்கல், விருதுநகர் என்றாலும் சரி, தினமும் பஸ்ஸில் வந்துவிடுவேன்.