ஏலத்தில் எடுத்த பூசணிக்காய், அன்றிரவு வராத ஜெபம்

தேரிக்காட்டான்:
வயசு 52. சொந்த ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம், தேரியை (செம்மணல் மேட்டை) ஒட்டிய கிராமம். தாத்தா பனையேறி. எனக்கு இப்போ சென்னையில் மூன்று ஹார்டுவேர் கடை.

போன மாசம் ஊரில் ஸ்தோத்திரப் பண்டிகை, சபையார் கர்த்தருக்கு நன்றி சொல்லிக் காணிக்கை கொண்டுவர்ற நாள். ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டாங்க. ஒரு பூசணிக்காய்க்கு இன்னொரு கடைக்காரர் ஏற்ற ஏற்ற நானும் விடலை. 18,000 ரூபாய்க்கு என் பேரில் முடிஞ்சுது. மைக்கில் என் பேரை மூணு தடவை சொன்னாங்க, ஒரே கைதட்டு. அடுத்து வந்தது ஒரு கலயம் கைப்பிடி அரிசி. 60 ரூபாய்க்குப் போச்சு. கொண்டுவந்த ஆச்சி எங்க அம்மாகூடச் சுள்ளி பொறுக்கினவங்க. யார் எடுத்தாங்கன்னுகூட நான் பார்க்கலை. பூசணிக்காயோட போட்டோ எடுத்துக்கிட்டு நின்னேன்.

ராத்திரி முழங்கால் போட்டேன். வார்த்தையே வரலை. பரமண்டல ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று அம்மா சொல்லும்போது குரல் தழுதழுக்கும். பனையேற்றம் ஓய்ந்த ஐப்பசி கார்த்திகையில் அடுப்பு எரியுமான்னு நிச்சயம் கிடையாது. அப்பவும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசி கோயில் கலயத்துக்குப் போகும். என் வீட்டில் மாச சாமான் ஒண்ணாந்தேதியே வந்து இறங்கிடுது. பாளையங்கோட்டையில் 1903ல் ஆரம்பிச்ச இந்திய மிஷனரி சங்கத்துக்குக் காணிக்கை அனுப்புறது தாத்தா காலத்துப் பழக்கம். இப்போ அது வங்கியிலிருந்து தானாப் போகுது. போனதுகூட எனக்குத் தெரியாது.

விசுவாசம் போகலை. ஆனா அவர்கிட்ட எதுவும் கேட்காமலே நாள் ஓடிடுது. மாற்கு 4ல் முள்ளுக்குள் விழுந்த விதையை ஐசுவரியத்தின் மயக்கம் நெருக்கிப்போடும்னு இருக்கு. அந்த விதை முளைச்சுதான் இருக்கு, பலன்தான் இல்லை. அதைப் படிச்சா பயமா இருக்கு. கடையை வித்துட்டு ஊருக்கு வந்துடணுமா? இதைக் கடந்து வந்தவங்க சொல்லுங்க.

பாளை வாத்தியார்:
தம்பி, ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்றார் ஆண்டவர். அந்த ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த சின்ன வாசல், ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டுக் குனிந்து போகலாம் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். நானும் ஓய்வுநாள் பள்ளியில் வருஷக்கணக்காக அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பேரில் அங்கே ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரமே இல்லை. பிற்காலத்தில் வந்த விளக்கம் அது. கொஞ்சம் குனிந்தால் போதும் என்று பணக்காரப் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டேனே என்று இப்போது வருத்தப்படுகிறேன். மனுஷரால் கூடாது, தேவனால் கூடும் என்றுதான் ஆண்டவர் முடிக்கிறார்.

அதற்காகக் கடையை விற்கச் சொல்லவில்லை. 1778ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தாவும் வசதி உள்ள விதவைதான். அவர் முன்னின்று எழுப்பிய கோயில் 1785ல் பிரதிஷ்டையானது. பாளையங்கோட்டையில் இன்றும் நிற்கிறது. காசு அவர் கையில் இருந்தது, அவர் காசின் கையில் இல்லை. உங்கள் கடை எப்படி என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

உடன்குடிக்காரி:
அண்ணாச்சி, உங்க அம்மா கதை கண்ணைக் கலங்க வைக்குது. ஆனா வறுமை இருந்தா ஜெபம் தானா வந்துடும்னு நினைக்காதீங்க. எங்க அப்பா கருப்பட்டி வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கி, அடைக்க முடியாம நாலு வருஷம் கோயில் பக்கமே போகலை. சபைக்குக் கட்ட வேண்டிய சங்கக் காணிக்கை வேற பாக்கி. பாக்கிக்காரங்க பட்டியல்ல தன் பேர் இருக்கிற வெட்கம் அவருக்கு. கடைசிவரை கர்த்தர் மேல ஒரு கோபம் இருந்துச்சு. "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக" என்று நீதிமொழிகள் 30ல் இருக்கே, அது ரெண்டும் தெரிஞ்சவன் பண்ணின ஜெபம். 18,000 ரூபாய் உங்ககிட்ட இருந்தா எங்க அப்பா மாதிரி ஒருத்தர் பாக்கியை யாருக்கும் தெரியாம அடைங்க. மைக் வேண்டாம்.

நர்ஸ் அக்கா:
வாத்தியார் சொன்ன ஒட்டக வசனத்துக்கு முன்னால, உள்ளதை வித்துத் தரித்திரருக்குக் கொடுன்னு இயேசு சொன்னதும் துக்கத்தோட திரும்பிப் போற பணக்கார வாலிபன் வர்றான். அவன் போறதுக்கு முன்னால ஒரு வரி இருக்கு தம்பி. "இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்து." உனக்குள்ள இருக்கிற அந்தப் பயமும் அப்படி அவர் பார்க்கிற பார்வைதான்னு நான் நம்புறேன். நான் 30 வருஷம் வார்டுல இருந்தவ. எல்லாம் இருந்த மனுஷங்க ஒரு வாய் தண்ணிக்கு அடுத்தவங்க கையைப் பார்க்கிறப்போதான் கேட்கவே பழகுறாங்க. அதுவரைக்கும் காத்திருக்காதே. அந்த ஆச்சி வீட்டுக்குப் போ. கொடுக்கப் போகாதே, ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்கப் போ.

தேரிக்காட்டான்:
அக்கா, போயிட்டு வந்தேன். செந்தூர் எக்ஸ்பிரஸ்ல நம்ம பக்கத்து நாசரேத் ஸ்டேஷன்ல இறங்கிப் போனேன். என்ன வேணும் ஆச்சின்னு வாயில வந்ததை அடக்கிக்கிட்டு, எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொன்னேன். அவங்களுக்குக் கண் மங்கிடுச்சு, முதல்ல ஒரு சங்கீதம் வாசிடான்னாங்க. வாசிச்சேன். அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு எங்க அம்மா பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினாங்க. கடைசியில் ரெண்டு பேரும் பரமண்டல ஜெபம் சொன்னோம். ஆகாரத்துக்கான வரி வந்தப்போ அவங்க குரல் அம்மா குரல் மாதிரியே தழுதழுத்துச்சு. என் குரல் மாறலை.

உடன்குடித் தங்கச்சி, பாக்கி விஷயத்தை எங்க சபை ஐயர்கிட்ட தனியாப் பேசிட்டேன். கடையைப் பற்றி இன்னும் முடிவு எடுக்கலை. கிளம்புறப்போ அந்த அரிசிக் கலயத்தைக் கண்ணால் பார்த்தேன். பாதி நிறைஞ்சிருந்தது.