ரிப்போர்ட்டில் 46 குரோமோசோம்தான் இருக்கிறது, அப்புறம் எப்படி டவுன் சிண்ட்ரோம்?

புது அம்மா:
என் மகளுக்கு நான்கு மாதம். பிறந்ததுமே சந்தேகப்பட்டு ரத்தம் எடுத்து கேரியோடைப் (குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை) பார்த்தார்கள், டவுன் சிண்ட்ரோம் என்று உறுதியாகிவிட்டது. எங்கே படித்தாலும் 47 குரோமோசோம் என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் அவள் ரிப்போர்ட்டில் முதல் எண்ணே 46, பின்னால் 14, 21 என்று ஏதோ இருக்கிறது. ரிப்போர்ட் தப்பா? எனக்கு வயது 26தான். வயதான அம்மாக்களுக்குத்தான் இப்படிப் பிறக்கும் என்கிறார்களே? கர்ப்பத்தில் நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்தே தூக்கம் போய்விட்டது.

லேப்காரன்:
சகோதரி, முதலில் கடைசி வரிக்குப் பதில். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. சாப்பிட்டது, நடந்தது, அழுதது எதனாலும் இது வராது.

ரிப்போர்ட்டும் சரிதான். 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று பங்கு இருப்பதுதான் டவுன் சிண்ட்ரோம். நூற்றில் சுமார் 95 குழந்தைகளுக்கு அந்த மூன்றாவது தனியாக நிற்கும், எண்ணினால் 47 வரும். 1959இல் பாரிசில் கண்டுபிடித்ததும் அந்த வகையைத்தான். உங்கள் மகளுக்கு அது 14ஆம் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிடுவதால் எண்ணிக்கை 46. படத்தை எடுத்துப் பாருங்கள், 21 என்ற இடத்தில் வழக்கம்போல இரண்டு இருக்கும், 14 என்ற இடத்தில் ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் தலையில் ஒரு துண்டு கூடுதலாக இருக்கும். இதற்கு ராபர்ட்சோனியன் டிரான்ஸ்லொகேஷன் என்று பெயர், நூற்றில் மூன்று நான்கு பேருக்கு இப்படித்தான்.

வயதுக் கணக்கு அந்த 47 வகைக்கு உரியது. ஒரு பெண் தன் தாய் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் உருவாகி, பிரிவதற்குப் பாதியிலேயே நின்றுவிடும். 40 வயதில் வெளிவரும் முட்டை அத்தனை வருடமும் அப்படியே காத்திருந்தது, அதற்குள் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பு தளர்ந்து பிரிவதில் பிசகலாம். டிரான்ஸ்லொகேஷனுக்கும் அம்மாவின் வயதுக்கும் சம்பந்தமில்லை.

அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும் முன் நீங்கள் இருவரும் கேரியோடைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு பிள்ளை அப்பா:
எங்கள் மூத்தவனுக்கும் இதே 14, 21தான். ஒரு வருடம் என் அம்மா என் மனைவியைத்தான் குறை சொன்னார், நானும் வாய் திறக்கவில்லை, அது இன்றும் உறுத்துகிறது. கடைசியில் பரிசோதித்தால் கடத்தி, அதாவது தனக்குப் பாதிப்பில்லாமல் பிள்ளைக்குக் கடத்துகிறவன், நான்தான்! எனக்கு 45 குரோமோசோம். முக்கியமான ஜீன் எதுவும் குறையவில்லை, ஒரு 14உம் ஒரு 21உம் ஒட்டியிருக்கிறது, அதனால் எனக்கு எந்தக் கோளாறும் இல்லை. உங்கள் கணவரையும் அன்றே ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள், "எனக்கெதற்கு" என்பார், விடாதீர்கள்.

புது அம்மா:
அண்ணா, படித்து அழுதுவிட்டேன். யாராவது ஒருவர் கடத்தி என்றால் அடுத்த குழந்தைக்கும் கட்டாயம் வருமா? இருவருக்கும் இல்லையென்றால்?

லேப்காரன்:
கட்டாயம் இல்லை. 14, 21 வகையில் அம்மா கடத்தி என்றால் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து, அப்பா என்றால் ஒன்றிரண்டுதான். இரண்டு 21களே ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் அபூர்வக் கடத்திகளுக்கு மட்டும்தான் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் வரும், உங்கள் ரிப்போர்ட் அது இல்லை. பெரும்பாலும் பெற்றோர் இருவருக்குமே எதுவும் இருக்காது, குழந்தையிடம் புதிதாக நேர்ந்ததாக இருக்கும், அப்போது மறுபடி வரும் வாய்ப்பு மிகக் குறைவு. யாரிடமாவது இருந்தால் உடன்பிறந்தவர்களிடமும் சொல்லுங்கள், அவர்களும் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்புறம், 46 என்பதால் பாதிப்பு லேசு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், 21இன் ஜீன்கள் மூன்று பங்குதான். பாதிக் குழந்தைகளுக்கு இதயத்தில் கோளாறு இருக்கும். பாப்பாவுக்கு எக்கோவும் தைராய்டும் பார்த்தாயிற்றா?